பள்ளிக்கும் கல்லூரிக்கும் நடுவே ஒரு மலைப்பாதை

(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் நம் கல்லூரி இயற்பியல் துறையின் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குப் பதினைந்து நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள். நாற்பத்தைந்து நிமிஷம் பேசிப் பழகியவன் நான். அதனால் கொஞ்சம் முன்னே பின்னே ஆனால் பொறுத்துக்கொள்ளுங்கள். வகுப்பில் பொறுத்துக்கொண்டவர்கள்தானே நீங்கள்!

பழைய கதை பேசத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று தெரியும். பேசுகிறேன். ஆனால் கடைசியில் உங்களிடம் ஒன்று கேட்கப் போகிறேன். அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு ஏமாற்றிவிட்டார் என்று யாரும் சொல்லக்கூடாது.

நான் இந்தக் கல்லூரியில் 1974-இல் சேர்ந்தேன். அப்போது கிடைத்த முதல் வகுப்பு பி.யு.சி. இன்றைய பிள்ளைகளுக்கு அந்தப் பெயரே தெரியாது. பல்கலைக்கழகப் புகுமுக வகுப்பு என்று அர்த்தம். அதற்கு முன்னால் இரண்டு வருஷ இண்டர்மீடியட் இருந்தது. 1956-ஐ ஒட்டி அது போய், ஒரு வருஷப் பி.யு.சி. வந்தது. பள்ளியில் பதினோரு வருஷம் படித்து எஸ்.எஸ்.எல்.சி. முடித்த பிள்ளை, கல்லூரிக்குள் வந்து ஒரு வருஷம் பி.யு.சி. படிக்கும். பிறகு மூன்று வருஷம் பட்டப்படிப்பு. கோத்தாரி குழு 1966-இல் கொடுத்த அறிக்கையின் வழியில் நாடு முழுவதும் பத்து, இரண்டு, மூன்று என்ற முறை வந்தபோது, தமிழ்நாட்டில் 1978-இல் பிளஸ் டூ தொடங்கியது. பி.யு.சி. கல்லூரியை விட்டுப் போயிற்று. மேல்நிலைப் பள்ளிகள் உண்டாயின. முதல் பிளஸ் டூ பிள்ளைகள் 1980-இல் பொதுத்தேர்வு எழுதினார்கள்.

அந்த மாற்றம் நல்ல மாற்றம்தான். கல்லூரி இல்லாத ஊர்களுக்கும் மேல்நிலைப் படிப்பு போய்ச் சேர்ந்தது. அது இல்லாவிட்டால் கிராமத்துப் பெண் பிள்ளைகள் எத்தனை பேர் பத்தாவதோடு நின்றிருப்பார்கள்! அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் ஒன்று நம்மை விட்டுப் போனது. பி.யு.சி. என்கிற அந்த ஒரு வருஷம் ஒரு திண்ணை மாதிரி. தெருவிலிருந்து வந்தவன் நேராகக் கூடத்துக்குள் போகமாட்டான். திண்ணையில் உட்கார்ந்து, காலைத் துடைத்து, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு உள்ளே போவான். தமிழில் படித்து வந்த பிள்ளை, பி.யு.சி.யில் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டி, ஆறு மாதத்தில் நிமிர்ந்துவிடும். எங்களுக்கும் அந்தப் பிள்ளையைத் தெரிந்துவிடும். பி.எஸ்சி. முதல் நாளில் "வாய்யா, வந்துட்டியா" என்று கூப்பிடுவோம். 1978-க்குப் பிறகு அந்தத் திண்ணையை இடித்துவிட்டோம். அந்தப் பாரம் முழுவதும் பள்ளி முதுகலை ஆசிரியர்கள் தலையில் இறங்கியது. கல்லூரிக்காரர்களாகிய நாங்கள் என்ன செய்தோம்? "இனிமே அது அவங்க வேலை" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டோம். பாடநூல் எழுதும் குழுக்களில் பேராசிரியர்களும் பள்ளி ஆசிரியர்களும் சேர்ந்து உட்கார்ந்தது உண்மை. அதெல்லாம் சென்னையில். இங்கே பக்கத்து ஊர்ப் பள்ளியில் யார் இயற்பியல் எடுக்கிறார் என்று எனக்கு இருபது வருஷம் தெரியாது.

தெரிய வந்த கதையைச் சொல்கிறேன்.

1998. நாமக்கல் தனி மாவட்டமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காகக் கொல்லிமலைக்குப் போனோம். எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி முடிப்பதற்குள் பையன்களில் பாதிப் பேர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிட்டார்கள். முகாம் திருப்புலி நாட்டில். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன்: அங்கே நாடு என்றால் தேசம் இல்லை. மலைமேல் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஊர்கள் பல சேர்ந்தது ஒரு நாடு. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, திருப்புலி நாடு என்று அவற்றுக்குப் பெயர். மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள் வாழும் இடம். கேரளத்து மலையாளி என்று நினைத்துவிடாதீர்கள். இவர்கள் பேசுவது தமிழ். சாமையும் தினையும் விளையும், மிளகும் பலாவும் காய்க்கும் பூமி.

முகாமின் மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரு மனிதர் நடந்தே வந்தார். மலைமேல் ஒரு மேல்நிலைப் பள்ளியில் முதுகலை இயற்பியல் ஆசிரியர். கையில் துணிப்பை. வந்தவர் நின்றுகொண்டே பேசினார்.

"சார், நீங்க பிசிக்ஸ்னு கேள்விப்பட்டேன். ஸ்பெக்ட்ரோமீட்டர் ஒண்ணு பள்ளிக்கு வந்து பீரோவுலயே கெடக்குது சார். படிக்கிற காலத்துல ரெண்டு தடவ செஞ்சது, பதினஞ்சு வருஷம் ஆச்சு. லேப் அசிஸ்டென்டும் கெடையாது. ஒரு தடவ வந்து கூட நின்னு செஞ்சு குடுத்தீங்கன்னா..."

மறுநாள் போனேன். எப்படிப் போனேன் என்கிறீர்கள்? இன்ஸ்பெக்ஷனுக்குப் போகிற அதிகாரி மாதிரி! கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "இது ஏன் இப்படி இருக்கு, அது ஏன் அப்படி இருக்கு" என்று கேட்டுக்கொண்டே போனேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்.

ஸ்பெக்ட்ரோமீட்டரில் முதல் வேலை என்ன? பழைய மாணவர்கள் சொல்லுங்கள் பார்ப்போம்... ஆமாம், தொலைநோக்கியைத் தூரத்துப் பொருள் ஒன்றைப் பார்த்துத் தெளிவாக்க வேண்டும். நம் ஆய்வகத்தில் ஜன்னலைத் திறந்தால் எதிரே காம்பவுண்டுச் சுவர். அதைத் தாண்டித் தண்ணீர்த் தொட்டி. ஐம்பது வருஷமாக அந்தத் தொட்டியைத்தான் பார்த்தோம். அங்கே அந்த ஆசிரியர் ஜன்னலைத் திறந்தார். எதிரே மலை, அதற்குப் பின்னால் இன்னொரு மலை, அதற்கும் பின்னால் கீழே சமவெளி. ஒரு பெண் பிள்ளை தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு, "சார், மரம் தலகீழா நிக்குது!" என்று கத்தினாள். வகுப்பே சிரித்தது. தலைகீழாக ஏன் தெரிகிறது என்று நான் விளக்க வாயெடுக்கும் முன்னாலேயே அந்த ஆசிரியர் கரித்துண்டை எடுத்துத் தரையில் லென்சையும் கதிர்களையும் போட்டுக் காட்டினார். அதைவிட நன்றாக நான் சொல்லியிருக்கமாட்டேன்.

இரண்டாம் தடவை போனபோது கையை முன்னால் கொண்டுவந்திருந்தேன். பின்வரிசையில் பிள்ளைகளோடு உட்கார்ந்தேன். அன்று அவர் எடுத்தது கொதிநிலை. விடுதியில் சமைக்கும் அம்மா, "பருப்பு வேகவே மாட்டேங்குதுங்க" என்று குறைப்பட்டுக்கொண்டதை வைத்துப் பாடத்தை ஆரம்பித்தார். தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தால் தண்ணீர் 96 டிகிரி பக்கத்திலேயே கொதித்துவிட்டது. கடல்மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டர் ஏறினால் கொதிநிலை ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும் என்பது கணக்கு. கொல்லிமலை ஆயிரம் மீட்டருக்கு மேல். "கீழே உங்க கல்லூரியில கொதிக்கவச்சு எவ்வளவுன்னு எழுதி அனுப்புங்க சார், ஒப்பிட்டுப் பாக்கலாம்" என்றார். அனுப்பினேன். 99-க்குக் கொஞ்சம் மேலே. இருபத்துநாலு வருஷமாக, காற்றழுத்தம் குறைந்தால் கொதிநிலை குறையும் என்று கரும்பலகையில் எழுதியவன் நான். அதைக் கண்ணால் பார்க்க அந்த மலைக்குப் போக வேண்டியிருந்தது. நம் பி.எஸ்சி. மாணவர்களுக்கு அடுத்த வாரமே அந்த இரண்டு எண்களையும் பலகையில் எழுதிப்போட்டேன். அன்றைக்கு வகுப்பில் யாரும் தூங்கவில்லை!

மூன்றாம் தடவையும் போனேன். நாலாம் தடவை போகவில்லை.

ஏன் போகவில்லை? மூன்று தடவையும் சொந்த விடுப்பு, சொந்தக் காசு. என் வகுப்பைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் காலைப் பிடிக்க வேண்டும். பணியில் போனதாகக் கருதுங்கள் என்று எழுதிக் கொடுத்த மனு திரும்பி வந்துவிட்டது. "பள்ளிக்கூடத்துக்குப் போறதெல்லாம் உம்ம வேலை இல்லையே" என்று ஒருவர் சிரித்தார். இதெல்லாம் காரணம்தான். ஆனால் உண்மையைச் சொன்னால், எனக்குச் சலிப்பு வந்துவிட்டது. யாரும் கேட்கவில்லை, நானும் விட்டுவிட்டேன்.

அடுத்த வருஷம் ஜூனில் அந்தப் பள்ளியிலிருந்து ஒரு பையன் நம் துறையில் சேர்ந்தான். திருப்புலி நாட்டுப் பையன். ஸ்பெக்ட்ரோமீட்டரில் கை வைத்தால் அப்படி ஒரு நிதானம். ஆனால் நம் துறையில் அப்போது ஆங்கில வழி மட்டும்தான். அவனுக்கு ஒளிவிலகல் எண் தெரியும். 'ரிஃப்ராக்டிவ் இண்டெக்ஸ்' என்றால் விழிப்பான். உந்தம் தெரியும், 'மொமெண்டம்' தெரியாது. இரண்டும் ஒன்றுதான் என்று சொல்ல அவனுக்கு ஒருவர் தேவைப்பட்டார். எனக்கு அந்த வருஷம் முதலாண்டு வகுப்பு இல்லை. பார்த்தால் நலம் விசாரிப்பேன், "நல்லா இருக்கேன் சார்" என்பான், நானும் போய்விடுவேன். பொங்கல் விடுமுறைக்கு மலைக்குப் போனவன் திரும்பி வரவில்லை.

அந்த ஆசிரியரிடமிருந்து ஒரு தபால் கார்டு வந்தது. திட்டி எழுதியிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை. 'அவனுக்குத் தெரியாதது பாடம் இல்லை சார், வார்த்தைதான். போன வருஷமே நாம் ரெண்டு பேரும் உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்திருக்கலாம்' என்று மட்டும் இருந்தது. அந்தக் கார்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. ஓய்வு பெற்றபோது பல பொன்னாடை போர்த்தினார்கள். எல்லாம் யார் யாருக்கோ கொடுத்தாகிவிட்டது. கார்டை மட்டும் கொடுக்க முடியவில்லை.

சரி, இதை ஏன் இப்போது சொல்கிறேன்?

அமெரிக்காவில் ஒரு முறை இருக்கிறது. உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போதே பிள்ளை ஒரு கல்லூரிப் பாடத்தைப் படிக்கலாம். தேறினால் அது பள்ளிக் கணக்கிலும் சேரும், கல்லூரிக் கணக்கிலும் சேரும். இரட்டை கிரெடிட் என்பார்கள். பல இடங்களில் பாடம் எடுப்பவர் பள்ளி ஆசிரியர்தான். நியூயார்க் மாநிலத்தில் சிரக்யூஸ் பல்கலைக்கழகம் 1970-களின் தொடக்கத்திலிருந்தே இப்படிப் பக்கத்துப் பள்ளிகளோடு சேர்ந்து நடத்தி வருகிறது. இப்படி நடத்துகிற கல்லூரிகளுக்கென்று 1999-இல் ஒரு தேசியக் கூட்டமைப்பே உண்டாகி, தர விதிகளையும் வகுத்தது. அதில் முக்கியமானது இது: பள்ளி ஆசிரியர் தனியாக விடப்படமாட்டார். அவருக்குத் துணையாகக் கல்லூரியில் அதே பாடத்துப் பேராசிரியர் ஒருவர் இருப்பார். பாடத்திட்டத்தைச் சேர்ந்து உட்கார்ந்து பேசுவார், பள்ளிக்கே வந்து வகுப்பைப் பார்ப்பார், கேள்வித்தாளையும் திருத்திய தாளையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்.

கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? அங்கேயும் என் கதைதான் சிக்கல். அந்தப் பேராசிரியரின் பயணத்துக்கும் நேரத்துக்கும் கல்லூரி கணக்குக் கொடுக்காவிட்டால், இரண்டு தடவை போவார், பிறகு ஒரு கடிதத்தோடு நிறுத்திக்கொள்வார். அதனால் சரியாக நடத்துகிற இடங்களில் அவருக்கு ஒரு வகுப்பைக் குறைத்துக் கொடுப்பார்கள், அல்லது ஊக்கத்தொகை கொடுப்பார்கள். பயணப்படி உண்டு. புதிதாக வருபவருக்குப் பழையவர் சொல்லிக்கொடுப்பார். ஆர்வத்தை மட்டும் நம்பி அவர்கள் விட்டுவிடுவதில்லை.

நம் ஊரில் அந்த இரட்டைக் கணக்கு நடைமுறையில் இல்லை. பள்ளிப் படிப்பையும் கல்லூரிப் படிப்பையும் ஒரே கிரெடிட் கணக்கில் கொண்டுவரலாம் என்று தேசிய அளவில் ஒரு கட்டமைப்பு 2023-இல் வெளியாகியிருக்கிறது. அது நல்லதா கெட்டதா என்ற வழக்கை இந்த மேடையில் நான் எடுக்கவில்லை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காக 'நான் முதல்வன்' 2022-இல் வந்தது. கல்லூரிக்கு வரும் பெண் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் 'புதுமைப் பெண்' அதே வருஷம் வந்தது. பையன்களுக்குத் 'தமிழ்ப் புதல்வன்' 2024-இல் வந்தது. நல்ல காரியங்கள். மாணவனுக்குக் கை கொடுக்க ஆள் இருக்கிறது. மாணவனை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு அனுப்புகிற இரண்டு ஆசிரியர்களுக்குக் கை கொடுப்பது யார்? அதுதான் என் கேள்வி.

இந்தக் கேள்வியை நான் இன்று கேட்கக் காரணம் இருக்கிறது. இந்த மேடை ஓரத்தில், தன்னைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று தெரியாமல் ஓர் உதவிப் பேராசிரியை உட்கார்ந்திருக்கிறார். பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார். இரண்டு வருஷமாக மாதம் ஒரு சனிக்கிழமை மலைக்குப் பஸ் ஏறிப் போகிறார். அதே பள்ளி. நான் பார்த்த ஆசிரியர் எப்போதோ மாறுதலாகி ஓய்வும் பெற்றுவிட்டார். இப்போது இருப்பவர் வேறொருவர். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு நோட்டு தயாரித்திருக்கிறார்கள்: இடது பக்கம் பள்ளிப் பாடநூலின் தமிழ்ச் சொல், வலது பக்கம் கல்லூரி வகுப்பில் காதில் விழும் ஆங்கிலச் சொல், தமிழ் எழுத்திலேயே. கீழே ஒரு வரி விளக்கம். அந்த நோட்டை என்னிடம் காட்டினார். முதல் பக்கத்தில் ஒளிவிலகல் எண். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன்.

"எப்படிம்மா போய்ட்டு வர்றீங்க?" என்று கேட்டேன். "லீவு போட்டுட்டுத்தான் சார்" என்றார்.

இருபத்தைந்து வருஷம் கழித்தும் அதே பதில்.

உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் வகுப்பு. விடைத்தாள், தேர்வுப் பணி, சேர்க்கைப் பணி, தரமதிப்பீட்டுக் கோப்புகள் எல்லாம் தனி. இதற்கு நடுவில் ஒருவர் மலை ஏறுகிறார் என்றால், அவர் எத்தனை மாதம் தாங்குவார்? நான் மூன்று தடவை தாங்கினேன். அவர் இரண்டு வருஷம் தாங்கியிருக்கிறார். அவரும் நாலாவது தடவைக்குப் போகாத ஆளாக ஆகிவிடக் கூடாது. அதற்குத்தான் உங்களிடம் வந்திருக்கிறேன்.

சங்கத்துக்கு என் வேண்டுகோள் ஐந்து.

ஒன்று, பயணச் செலவு. பரீட்சை மாதங்களும் விடுமுறையும் போக வருஷத்துக்கு எட்டுப் பயணம். அதைச் சங்கம் ஏற்க வேண்டும். நுழைவாயில் வளைவுக்கு நாம் இறக்கிய சிமெண்டை நினைத்துப் பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. வளைவு வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்குள் வருகிறவனையும் பார்ப்போம் என்கிறேன்.

இரண்டு, ஒருவர் மேல் சுமத்தாதீர்கள். ஒரு பாடத்துக்கு இரண்டு பேராவது வேண்டும். ஒருவருக்கு மாறுதல் வந்தாலும், உடம்பு சரியில்லை என்றாலும், அறுந்து போகக்கூடாது. பள்ளிப் பக்கமும் அப்படியே.

மூன்று, முதல்வர் அவர்களிடம் ஒரு விண்ணப்பம். போகும் நாளைப் பணி நாளாகக் கருத விதிக்குள் வழி இருந்தால் பாருங்கள். இல்லாவிட்டால், இவர் இந்த வேலை செய்தார் என்று கல்லூரித் தாளில் ஒரு கடிதமாவது கொடுங்கள். பதவி உயர்வுக் கோப்பில் அது இருக்கட்டும். காசைவிட அது பெரிது.

நான்கு, மே மாதத்தில் இரண்டு நாள் மலையிலிருந்தும் சுற்று வட்டாரத்திலிருந்தும் முதுகலை ஆசிரியர்களை நம் ஆய்வகத்துக்கு அழைப்போம். பாடம் நடத்த அல்ல, சேர்ந்து செய்ய. முதல் நாள் நாம் காட்டுவோம், மறுநாள் அவர்கள் காட்டட்டும். மதியச் சாப்பாட்டை எந்த ஆண்டு மாணவர்கள் ஏற்கிறீர்கள் என்று கீழே இறங்கியதும் கேட்பேன்!

ஐந்து, பழுதான கருவிகள். நம் முன்னாள் மாணவர்களில் லேத் பட்டறை வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள், எலெக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள். பள்ளி பீரோவில் ஒரு திருகு இல்லாமல் தூங்கும் கருவிக்கு ஒரு திருகு போட்டுக் கொடுங்கள். நன்கொடைப் பலகையில் பெயர் வராது. ஆனால் ஒரு பிள்ளை அதில் மரத்தைத் தலைகீழாகப் பார்க்கும்.

இங்கே இருக்கும் இளைய ஆசிரியர்களுக்கு ஒன்று. பள்ளிக்குப் போகும்போது கையைப் பின்னால் கட்டாதீர்கள். அந்த வகுப்பைத் தினமும் நடத்துகிறவர் அவர். நீங்கள் மாதம் ஒரு நாள் வருகிறவர். முதல் தடவை பேசாமல் பின்வரிசையில் உட்காருங்கள். நான் ஒரு பயணத்தை வீணாக்கிக் கற்றுக்கொண்டது அது.

மாணவச் செல்வங்களே, உங்களில் மலையிலிருந்து வந்தவர்கள் இருந்தால், வகுப்பில் ஒரு சொல் புரியாவிட்டால் கையைத் தூக்குங்கள். யாராவது சிரித்தால் என்னிடம் சொல்லுங்கள். ஓய்வு பெற்றாலும் அதட்ட எனக்கு இன்னும் குரல் இருக்கிறது.

அந்தத் திருப்புலி நாட்டுப் பையனைப் பிறகு ஒரு தடவை பார்த்தேன். சோளக்காட்டில், சந்தை நாளில். மிளகு வியாபாரம் செய்கிறான். நன்றாகத்தான் இருக்கிறான். "வாங்க சார், டீ சாப்பிடுங்க" என்று உட்கார வைத்தான். பக்கத்தில் நின்ற சின்னப் பெண்ணைக் காட்டி, "எம் பொண்ணு சார், ஒம்பதாவது. பிசிக்ஸ்தான் புடிக்குமாம்" என்றான். அது நடந்து நாலு வருஷம் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தப் பெண் இந்நேரம் பிளஸ் டூ முடித்து எங்காவது ஒரு கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டிருக்க வேண்டும்.

நம் கல்லூரிக்கே போட்டிருந்தால், அவளுக்கு முன்னால் அந்த நோட்டு வந்து சேர்ந்திருக்கட்டும்.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.